பன்னிரண்டு வீட்டுக் கத்தரி

நாட்டு விதை சேர்க்கும் ஆர்வம் ஊரெங்கும் பெருகியிருக்கிறது. ஆனால் டப்பாவுக்குள் போன விதையெல்லாம் பிழைத்துவிட்டதாகக் கணக்கெழுத முடியுமா? வீட்டுத் தோட்டத்தில் விதை காப்பது தனி ஆளால் முடிகிற வேலைதானா?

ஆடி நெருங்கினால் தமிழ்நாட்டில் விதைத் திருவிழாக்கள் களைகட்டிவிடுகின்றன. கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட வளாகத்திலோ மேசை போட்டு, சின்னச் சின்னக் காகித உறைகளில் வரிக் கத்தரி, முள்ளுக் கத்தரி, குண்டு மிளகாய், மூக்குத்தி அவரை, சிறகவரை, யானைத்தந்த வெண்டை, குட்டைப் புடலை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. இருபது முப்பது உறைகளாவது பைக்குள் போகும். மொட்டை மாடியில் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு தொட்டி. அவற்றில் இடம் பிடிப்பது நாலைந்து ரகம். மீதி உறைகள் பிஸ்கட் டப்பாவுக்குள் போய், அடுத்த ஆடியில் வாங்கும் உறைகளுக்கு அடியில் படுத்துக்கொள்கின்றன. மூன்றாம் வருடம் எடுத்து விதைத்தால் பாதிகூட முளைப்பதில்லை. முளைத்துக் காய்க்கிற செடியும் உறையில் எழுதியிருந்த ரகம்தானா என்று சொல்வதற்கு ஆள் இல்லை.

இந்த ஆர்வத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் இந்த மேசைகள் அபூர்வம். ஆனால் ஆர்வம் தவறான இடத்தில் தேங்கி நிற்கிறது. எத்தனை ரகம் என்னிடம் இருக்கிறது என்பதே கேள்வியாகிவிட்டது. ஒரு ரகம் எத்தனை வீட்டில் வருடந்தோறும் பூத்துக் காய்த்து மறுபடி விதையாகிறது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? விதையைப் பகிர்வது சேமித்து முடித்தபின் மிஞ்சியதைக் கொடுக்கும் தர்மம் என்றே பலரும் நினைக்கிறோம். பூவின் அமைப்பும் நிகழ்தகவுக் கணக்கும் நம் ஊர்க் காற்றின் ஈரமும் வேறு விதமாகச் சொல்கின்றன. பகிராமல் விதையைக் காக்கவே முடியாது என்பதுதான் அவை சொல்வது.

நெல் சொல்லித் தந்த பாடம்

தமிழ்நாட்டில் பாரம்பரிய விதை மீட்புக்கு முன்மாதிரி நெல்தான். இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழா எளிய விதி ஒன்றின்மேல் நின்றது. வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை இலவசம். அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்தது இன்னும் இருவருக்குப் போகும். 174 ரகங்கள் வரை மீட்டெடுத்தவர் என்று அறியப்பட்ட ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவரோடு அந்த நெல் ரகங்கள் மறையவில்லை, திருவிழாவும் நிற்கவில்லை. விதை ஏற்கெனவே பலருடைய வயலில் இருந்ததே காரணம். அவர் ஒரு பெரிய களஞ்சியத்தைக் கட்டி எல்லா ரகத்தையும் அதற்குள் பூட்டியிருந்தால், சாவி தொலைந்த அன்று கதை முடிந்திருக்கும்.

இந்தப் பாடத்தைக் காய்கறிக்கு அப்படியே எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்க, பூ விரியும் நேரத்திலேயே பெரும்பாலும் சேர்க்கை முடிந்துவிடுகிறது. பக்கத்து வயலில் வேறு ரகம் நின்றாலும் கலப்பு மிகச் சொற்பம். களத்திலும் களஞ்சியத்திலும் கலக்காமல் பார்த்துக்கொண்டு, வயலில் வேற்றாள் தெரிந்தால் பிடுங்கிப்போட்டால் ரகம் பெரும்பாலும் சுத்தமாக நிற்கும். தக்காளியும் தட்டைப்பயறும் ஏறக்குறைய இந்தக் குணம் உள்ளவை. கத்தரியும் வெண்டையும் அப்படி இல்லை. பூச்சி நடமாட்டத்தைப் பொறுத்து அவற்றில் கலப்பு மிகக் குறைவாகவும் இருக்கலாம், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவும் செய்யலாம். மிளகாயும் இந்த வகைதான். சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பரங்கி இன்னும் ஒரு படி மேலே. அவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூச்சி வந்தால்தான் காயே உண்டு. அந்தப் பூச்சி எந்த வீட்டு மாடியிலிருந்து வருகிறது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

அந்தியில் விரியும் பூ

பீர்க்கங்கொடியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் பூ சாயங்காலம் விரிகிறது. ஆண் பூக்கள் கொத்தாக வரும். பெண் பூவின் அடியில் விரல் அளவுப் பிஞ்சு இருக்கும். அன்று மாலை விரியப்போகும் மொட்டை நாலு மணிக்கே அடையாளம் கண்டுவிடலாம். இதழ் நுனியில் மஞ்சள் தெரியும், ஆனால் வாய் திறந்திருக்காது. அந்தப் பெண் மொட்டையும், அதே ரகத்தின் வேறொரு கொடியிலுள்ள ஆண் மொட்டையும் நூலால் மெல்லக் கட்டியோ காகிதப் பை போட்டோ மூடிவிட வேண்டும். இருட்டுகிற நேரத்தில் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, மகரந்தத் தூள் நிற்கும் பகுதியைப் பெண் பூவின் சூல்முடியில் தடவிவிட்டு மறுபடி மூட வேண்டும். காம்பில் ஒரு வண்ண நூல். மறுநாள் பூ வாடியதும் பையை எடுத்துவிடலாம். நூல் கட்டிய காயை யாரும் சமையலுக்குப் பறிக்கக் கூடாது. அது கொடியிலேயே முற்றிக் காய்ந்து, நார்க்கூடாகி, நுனியில் மூடிபோல ஒரு துண்டு கழன்று விழும். கவிழ்த்துத் தட்டினால் கறுப்பு விதைகள் கொட்டும்.

இவ்வளவு மெனக்கெடாமல் கிடைத்த காயை விதைக்கு விட்டால் என்ன என்று கேட்கலாம். கலப்பு நடந்திருந்தால் காயைப் பார்த்தே தெரியாதா என்றும் கேட்கலாம். தெரியாது. காயின் சதை முழுக்கத் தாய்க்கொடியுடையது. மகரந்தம் எங்கிருந்து வந்தது என்பது விதைக்குள் இருக்கும் கருவுக்கு மட்டும்தான் தெரியும். எனவே இந்த வருடம் பார்த்து ரசித்த நீளப் பீர்க்கின் விதையிலிருந்து அடுத்த வருடம் குட்டையும் நெட்டையும் கலந்து வரும். நுரைப்பீர்க்கு அருகில் இருந்தால் அதன் குணமும் சேர்ந்து வரும். இரண்டும் தம்மில் கலக்கக்கூடியவை. சுரைக்காயில் இது ருசிப் பிரச்சினையோடு நிற்பதில்லை. கசப்புச் சுரையில் குகர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. கசக்கும் சுரைச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால்தான் கசந்தால் துப்பிவிட வேண்டும், குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவும் எச்சரித்தது. வேலியோரக் கசப்புச் சுரையின் மகரந்தம் உங்கள் கொடிக்கு வந்திருந்தால், அடுத்த வருடம் அந்த விதையை வாங்கியவர் வீட்டில் கசக்கும். விதை கொடுப்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

கலப்பைத் தவிர்க்கவோ குறைக்கவோ வீட்டளவில் எளிய வழி இரண்டு. ஒன்று, மேலே சொன்னதுபோல் கையால் சேர்க்கை செய்வது. இன்னொன்று, ஒரு வீட்டில் ஒரு பயிரில் ஒரே ஒரு ரகம் மட்டும் வைப்பது. ஐந்து வகைக் கத்தரியை ஒரே மாடியில் வளர்ப்பவர் சமையலுக்கு நன்றாகச் செய்கிறார், விதைக்கு அல்ல. அவர் ஒரு கத்தரியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாலையும் நாலு பேரிடம் ஒப்படைத்தால் ஐந்துமே பிழைக்கும். பகிர்வு இங்கே சேமிப்புக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

அறுபது செடிக் கணக்கு

அடுத்தது எண்ணிக்கை. நாட்டு ரகம் என்பது அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரிச் செடிகளின் கூட்டம் இல்லை. ஒரே முள்ளுக் கத்தரிக்குள்ளும் கொஞ்சம் வறட்சி தாங்குவது, கொஞ்சம் முந்திக் காய்ப்பது, வாடல் நோய்க்கு ஈடுகொடுப்பது எனச் சிறு வேறுபாடுகள் ஒளிந்திருக்கும். இருபது செடியில் ஒன்றில் மட்டும் இருக்கிற நல்ல குணம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செடியிலிருந்து மட்டும் விதை எடுத்தால், அந்தக் குணம் தவறிப்போக ஏறக்குறைய 77 விழுக்காடு வாய்ப்பு. இருபது செடியிலிருந்து எடுத்தால் 36 விழுக்காடு. அறுபது செடியிலிருந்து எடுத்தால்தான் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். இது தோராயக் கணக்குதான். அயல் மகரந்தப் பயிருக்கும் தன் மகரந்தப் பயிருக்கும் நுட்பத்தில் வேறுபாடு உண்டு. ஆனால் கணக்கு எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகமில்லை. அறுபது கத்தரிச் செடி எந்த மாடியிலும் நிற்காது. ஐந்து செடி எல்லா மாடியிலும் நிற்கும். பன்னிரண்டு வீடு தலைக்கு ஐந்து செடி வளர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விதையை ஒன்றாகக் கொட்டிக் கலந்து பங்கிட்டுக்கொண்டால், ஒரு பண்ணை செய்கிற வேலையை ஒரு தெரு செய்துவிடும்.

விபத்துக் கணக்கும் இதையே சொல்கிறது. எலி, எறும்பு, மழை, வீடு மாறுவது, உடம்புக்கு முடியாமல் போவது என்று ஒரு வீட்டில் விதை தவறிப்போக நூறு காரணம் உண்டு. ஒரு வருடத்தில் அப்படித் தவறும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று கொண்டால், ஐந்து வீட்டிலும் ஒரே வருடத்தில் தவறுவது 3,125-ல் ஒன்றுதான். ஐந்தும் ஒரே ஊரில் இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது வீடு வீடாகப் பார்த்து அடிக்கவில்லை. தோப்பு, தோட்டம், குடிசை எல்லாம் சேர்ந்தே போயின. ஆகவே நாகப்பட்டினத்துக்காரரின் விதை கொஞ்சம் ஈரோட்டிலும் இருக்க வேண்டும், ஈரோட்டு விதை கொஞ்சம் திருநெல்வேலியிலும் இருக்க வேண்டும்.

எத்தனை செடி என்பதோடு, எந்தச் செடி என்பதும் இருக்கிறது. நல்ல காயையெல்லாம் சமைத்துவிட்டு, கடைசியில் கொடியில் தப்பி நின்ற சொத்தைக் காயை விதைக்கு விடுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். வருடா வருடம் இதைச் செய்தால், பிந்திக் காய்க்கிற, நலிந்த காயையே நாம் தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம் என்று பொருள். கீரையில் இது தலைகீழாக நடக்கிறது. முந்திப் பூத்த தண்டுக்கீரையில் முந்தி விதை கிடைக்கிறதே என்று எடுத்து வைப்பவர், சீக்கிரம் பூத்து இலை தராமல் போகும் கீரையைத்தான் அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறார். முந்திப் பூத்ததைப் பிடுங்கிக் குழம்புக்குப் போட்டுவிட்டு, கடைசிவரை இலை தந்த செடியை விதைக்கு நிறுத்துவதுதான் சரி. கத்தரியில், நோயில்லாத செடியின் நடுக்காய்ப்புக் காய்களைப் பழுத்து மஞ்சளாகிக் கொளகொளவென்று ஆகும்வரை விட வேண்டும். பிசைந்து தண்ணீரில் கரைத்தால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு போக, சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டு அலசுவார்கள். பாட்டிமார்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. தேர்வு என்னும் அந்த வேலை நின்றுபோனால், விதை இருக்கும், ரகம் இருக்காது.

டப்பாவின் ஆயுள்

விதைச் சேமிப்பில் அறிஞர்கள் இன்றும் கைக்கொள்ளும் ஒரு விதி ஹாரிங்டன் என்னும் விஞ்ஞானி சொன்னது. விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். நம் கடலோர ஊர்களில் இரண்டுமே நமக்கு எதிர். பகலில் மொறுமொறுவென்று காய்ந்த விதை, திறந்து வைத்தால் இரவுக் காற்றிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வீடுகளின் ஏற்பாடுகள் எல்லாமே இந்த ஈரத்தோடு போட்ட சண்டைதான். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள். பயறை மட்கலத்தில் சாம்பலோடு கலந்து வைத்தார்கள். கத்தரி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அப்பினார்கள். கதிரையும் முற்றிய காயையும் அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டார்கள். குடைந்து காயவைத்த சுரைக்குடுவையே விதைக் கலமானது. இன்று காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டி, அதன் அடியில் நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி துணியில் முடிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு. இவை போதும். வெளியே எடுத்ததும் திறக்காமல், புட்டியின் குளிர் போனபிறகு திறந்தால் உள்ளே ஈரம் படியாது.

இவ்வளவு செய்தாலும் இது தள்ளிப்போடுவதுதான். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே சோர்ந்துவிடும். சுரையும் பரங்கியும் நாலைந்து வருடம் தாக்குப்பிடிக்கலாம். நாவலும் பலாவும் இந்த விளையாட்டுக்கே வருவதில்லை. காயவைத்தால் செத்துப்போகும் விதைகள் அவை. அவற்றைக் காப்பதென்றால் நடுவது ஒன்றே வழி.

அரசாங்க மரபணு வங்கி இருக்கும்போது வீட்டுக்காரர் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. டெல்லியிலுள்ள தேசிய தாவர மரபணு வளப் பணியகத்தின் வங்கியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் மைனஸ் 18 டிகிரியில் உறங்குகின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த உலக விதைக் காப்பகம் தன் அவசியத்தை நிரூபித்தும் காட்டிவிட்டது. சிரியாவின் அலெப்போவில் இயங்கிய இக்கார்டா ஆய்வு நிலையம் போரில் சிக்கியபோது, ஸ்வால்பார்டுக்கு முன்பே அனுப்பி வைத்திருந்த விதைகளை 2015-ல் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். வங்கிகள் தேவை, சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் சம்பவத்தையே கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், காப்பாற்றியது குளிர் மட்டுமில்லை என்பது புரியும். ஒரே விதை இரண்டு இடத்தில் இருந்தது, எடுத்து விதைக்க ஆளும் நிலமும் இருந்தன. மேலும் 1980-களில் உறைந்த விதைக்கு இன்றைய வெள்ளைஈயும் தெரியாது, இன்றைய கோடையும் தெரியாது. வருடந்தோறும் விதைத்துத் தேர்ந்தெடுக்கப்படும் விதைதான் காலத்தோடு நடந்து வருகிறது. வங்கி காப்புறுதி என்றால் தோட்டம் வாழ்க்கை.

ஆட்சேபங்கள்

நாட்டு ரகத்தால் ஊருக்குச் சோறு போட முடியுமா என்பது முதல் ஆட்சேபம். சந்தைக்குக் காய் அனுப்பும் விவசாயி வீரிய ஒட்டு ரகம் போடுவதில் தவறு காண இந்தக் கட்டுரைக்கு உத்தேசமில்லை. விளைச்சல் அவருக்குப் பிழைப்பு. அந்த ஒட்டு ரகத்தின் பெற்றோர்களும் எங்கோ ஒரு நாட்டு ரகத்திலிருந்துதான் வந்தார்கள், நாளை புதிய நோய் வந்தால் எதிர்ப்புக் குணம் தேடி அங்கேதான் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டலாம். வீட்டுத் தோட்டத்தின் தேவையே வேறு. ஒரே வாரத்தில் ஐம்பது கிலோ பழுத்தால் வீட்டுக்காரருக்குத் தலைவலிதான். நாலு மாதம் நின்று தினம் நாலு காய் தருவதே அவருக்கு வேண்டும். ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து சிதறும் என்பது மெண்டல் காலத்திலிருந்து தெரிந்த உண்மை. அதனால் அது வருடந்தோறும் கடைக்குப் போக வைக்கும் விதை. அதே சமயம், பழமையானது மட்டுமே எடுத்து வைக்கத்தக்கது என்று நினைப்பதும் தவறு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 தக்காளி ஒட்டு ரகம் இல்லை. அதை எடுத்து வைக்கலாம், கொடுக்கலாம். நாட்டுக் காய் என்று கொண்டாடும் மிளகாயும் தக்காளியும் பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதானே. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயை நம்முடையதாக்கியது பிறப்பிடம் இல்லை. அந்தக் கரிசலிலும் வெயிலிலும் தலைமுறை தலைமுறையாக விதைக்கு விட்டவர்களின் கை.

அந்தக் குண்டு மிளகாய்க்கும் வேலூர் முள்ளுக் கத்தரிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் குறியீடு காப்பது பெயரை. விதை வருடா வருடம் அக்கம்பக்கத்து ரகத்தோடு கலந்துகொண்டே போனால், சான்றிதழ் சுவரில் மாட்டியபடி இருக்கும், காய் மாறிப்போயிருக்கும். கலப்பு எல்லாமே கேடு என்பதும் இல்லை. இன்று நாம் போற்றும் ரகங்களே எப்போதோ நடந்த கலப்பிலிருந்து யாரோ கண்டெடுத்தவை. புதிதாக நல்லது ஒன்று வந்தால் வேறு பெயர் சொல்லி வளர்க்கலாம். பழையது எங்கோ ஒரு வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்ற உறுதி வேண்டும், அவ்வளவுதான். பலர் கையில் இருந்தால்தான் அந்த உறுதி.

நோய் பரவும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது லேசில் தள்ளக்கூடியதல்ல. மிளகாயின் பழ அழுகல் நோயும், அவரை இனங்களின் சில தேமல் நோய்களும் விதை வழியே போகக்கூடியவை. கைமாறும் விதைக்கு ஆய்வகச் சான்று கிடையாது. ஆனால் இதற்கு மருந்து பகிர்வை நிறுத்துவதில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. நோய்ப்பட்ட செடியிலிருந்து எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விதை எடுக்கக் கூடாது. தக்காளி, கத்தரி விதையை 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து எடுப்பது பல கிருமிகளை அடக்கும். வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டை நம்பிச் செய்தால் விதை வெந்துவிடும். யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்த விதையில் குறை கண்டால் ஒரு போன் போட்டுச் சொல்லலாம். பெயரில்லாத பொட்டலத்தில் அதற்கும் வழியில்லை.

சட்டம் இடம் தருமா என்ற பயமும் பலருக்கு உண்டு. 2019-ல் குஜராத்தில், தான் பதிவு செய்திருந்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகச் சில விவசாயிகள்மேல் பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றதிலிருந்து இந்தப் பயம் கூடியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. விதையைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிக முத்திரையிட்டு விற்கத்தான் கூடாது. யார் விவசாயி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில், பாரம்பரிய ரகங்களைத் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ பேணிக் காப்பவரும் அடங்குகிறார். அவருக்கு எத்தனை ஏக்கர் என்று அது கேட்கவில்லை. மாடியில் ஐந்து தொட்டி முள்ளுக் கத்தரியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பவரும் இந்த வரையறையை நம்பி நிற்கலாம்.

கடைசி ஆட்சேபம் அனுபவசாலிகள் சொல்வது: வாங்குகிறவர்கள் திருப்பித் தருவதே இல்லை. உண்மைதான். இலவசமாகப் பத்து ரகம் கொடுத்தால் பத்தும் டப்பாவுக்குத்தான் போகும். ஆதிரெங்கத்து விதியில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே விதை இலவசம், ஆனால் கடமையோடு வந்தது. காய்கறிக்கும் அப்படி ஒரு கடமை வைக்கலாம். ஒருவருக்கு ஒரு பட்டத்துக்கு ஒரு ரகம்தான். அடுத்தது வேண்டுமென்றால், முதல் விதை இரண்டு புது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கொடுத்தவருக்கே திரும்ப வர வேண்டும் என்பதைவிட இது நடைமுறைக்கு எளிது. பாதிப் பேர் ஏமாற்றினாலும் ஒவ்வொரு பட்டத்திலும் வீடுகள் குறையாது.

இந்த ஆடிக்கு

ஆக, விதைத் திருவிழாவின் வெற்றியை அளக்கும் கோலை மாற்ற வேண்டியிருக்கிறது. எத்தனை ரகம் பார்வைக்கு வந்தது, எத்தனை உறை விற்றது என்பவை அளவே இல்லை. போன வருடம் கொடுத்ததில் எத்தனை ரகம் மறுவிதையாகத் திரும்பி மேசைக்கு வந்தது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு உறையின்மேலும் ரகத்தின் பெயர், விளைந்த ஊர், எடுத்த மாதமும் வருடமும், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, பக்கத்தில் அதே பயிரின் வேறு ரகம் இருந்ததா, கொடியாக இருந்தால் காயைக் கடித்துக் கசப்புப் பார்த்தாயிற்றா என ஆறு விவரம் எழுதினால் போதும். ஈரத்துணியில் இருபது விதையை முடிந்து வைத்து, எத்தனை முளைத்தன என்று ஏழாவது விவரமாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. இந்த விவரம் இல்லாத உறையை எவ்வளவு அழகான பெயர் எழுதியிருந்தாலும் வாங்காமல் நகர்வதே விதைக்குச் செய்யும் உதவி.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது இன்னும் குறைவு. ஒரு பயிரில் ஒரு ரகம் தேர்ந்துகொள்வது. அதை ஐந்து செடி வளர்ப்பது. அதே ரகத்தை வளர்க்க இன்னும் பதினோரு வீட்டைத் தேடிப் பிடிப்பது. அதில் சிலவாவது வேறு மாவட்டத்தில் இருக்கும்படி பார்ப்பது. வெள்ளைக்காரன் காலத்து ரகம், மன்னர் காலத்து ரகம் என்ற பழம்பெருமைக் கதைகள் உறைக்கு அழகு சேர்க்கலாம். விதையை முளைக்க வைப்பதில்லை. முப்பது ரகம் வைத்திருக்கும் சேகரிப்பாளரைவிட, ஒரே ஒரு கத்தரியைப் பன்னிரண்டு வீட்டில் நிலைக்கவைத்தவரே விதையைக் காப்பாற்றியவர்.